கூண்டு இல்லாத இழுவை மேடை

வாக்குமூலம் கொடுப்பவர்: ஸ்பிரிங் தொழிற்சாலையில் இழுவைச் சோதனை வேலை செய்பவர், அங்கே எல்லோராலும் அளவம்மா என்று அழைக்கப்படுபவர். வயது முப்பத்தொன்பது. கணவர் இறந்துவிட்டார். இருப்பிடம்: தொழிற்சாலையின் பின் தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள மாடிக் கட்டடம், இரண்டாம் தளம், படி ஏறியதும் இடது பக்கக் கதவு. பதிவு செய்த நாள்: இம்மாதம் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. பதிவு செய்தவர்: நிலைய ஆய்வாளர்.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் பதினைந்து வயது மகளுடன் வசித்து வருகிறேன். நான் சொல்லப்போவது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்று ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். புரிந்தது என்று சொன்னேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். என் வலது கையில் போட்டிருக்கும் கட்டு நேற்று ஆஸ்பத்திரியில் போட்டது. அந்தக் காயம் எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் பதினான்கு வருடங்களாக அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என்னுடன் பிறந்த ஒரே அண்ணன் அங்கே மேலாளர். அவர்தான் எனக்கும் என் கணவருக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவர். என் கணவர் கொக்கிப் பிரிவில் இருந்தார். ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளையும் சூடாக்கி வளைத்துக் கொக்கியாக்குவது அவர் வேலை. அதனால் அவருக்குக் கொக்கிக்காரர் என்று பெயர். என் கணவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், சரக்குக் கிடங்கில் சுமை தூக்குபவர். இரண்டு பேர் தூக்கும் பாரத்தை ஒருவராகத் தூக்குவார் என்பதால் அவரை எல்லோரும் ரெண்டாளு என்பார்கள். மூட்டைக்கு ரெண்டாள், சாப்பாட்டுக்கு ரெண்டாள், குளிக்கச் சொன்னால் மட்டும் அரை ஆள் என்று என் கணவர் அவரைக் கேலி செய்வார். அவருக்கு வயது இருபத்தொன்பது. திருமணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு.

என் வேலை என்னவென்று ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். பெரிய இரும்புக் கதவுகளைத் தூக்கிப் பிடிக்கும் இழுவை ஸ்பிரிங்குகளை எங்கள் தொழிற்சாலையில் செய்கிறார்கள். முடிந்த ஸ்பிரிங் என் மேடைக்கு வரும். மேடையின் ஒரு முனையில் அசையாத தூண். மறு முனையில் எண்ணெய் ஜாக்கியும் கைப்பம்பும். ஒரு கொக்கியைத் தூணிலும் இன்னொன்றை ஜாக்கியிலும் மாட்டிப் பம்பு அடித்தால் ஸ்பிரிங் நீளும். எத்தனை கிலோ இழுவைக்கு எத்தனை சென்டிமீட்டர் நீண்டது என்று, மேடை நீளத்துக்கும் பதித்திருக்கும் அளவுகோலில் பார்த்து எழுதுவேன். அதை இரண்டு முனையிலிருந்தும் பார்க்கலாம். பெரிய ரகத்தை ஒரு சென்டிமீட்டர் நீட்ட அறுபது கிலோ இழுவை வேண்டும். பத்துக்கு அறுநூறு கிலோ. இருபதுக்கு ஆயிரத்து இருநூறு. அதுவரை சீராக ஏறும்.

ஆனால் உள்ளே அடைந்து கிடக்கும் சக்தி அப்படி ஏறாது. பத்து சென்டிமீட்டர் நீண்ட ஸ்பிரிங்கில் இருக்கும் சக்தி, பதினைந்து கிலோக் கல் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம். இருபது சென்டிமீட்டர் என்றால் முப்பது கிலோக் கல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது தப்பு. அறுபது கிலோ. நீளம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும், ஏனென்றால் பின்னால் நீட்டுகிற ஒவ்வொரு சென்டிமீட்டரையும் முன்னதைவிடப் பெரிய இழுவையை எதிர்த்து நீட்ட வேண்டியிருக்கிறது. இருபத்துநான்கு சென்டிமீட்டரில் அது எண்பத்தாறு கிலோக் கல். இருபது வரை இழுத்துவிட்டால் ஸ்பிரிங் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். அதற்கு மேல் போனால் கம்பி இளகிவிடும், முழுதாகத் திரும்பாது. கொக்கியின் வளைவில் விரிசல் விடும். இரண்டு கொக்கிகளிலும் ஒரே இழுவைதான், ஆகவே எது முதலில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பம்புப் பக்கக் கொக்கி முறிந்தால் ஸ்பிரிங் தூண் பக்கம் பாயும். தூண் பக்கக் கொக்கி முறிந்தால் பம்புப் பக்கம் பாயும். அதற்காகத்தான் மேடை முழுவதையும் மூடும்படி கம்பி வலைக் கூண்டு ஒன்று உண்டு. நான்கு காலும் மேடையில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டது. பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அதைத் திறந்து மூட வேண்டும்.

கடந்த மாதம் ஒன்பதாம் தேதி புதன்கிழமை நான் கடைவாய்ப் பல் பிடுங்குவதற்காக அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். பல் பிடுங்கியபின் வாயில் பஞ்சு வைத்து, ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். அதன்பிறகு நான் நடந்து தொழிற்சாலைக்கு வந்தபோது கேட்டில் இருந்த காவலாளி எழுந்து நின்றார். அவர் என்னைப் பார்த்து எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. என் கணவரைச் சற்று முன்புதான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது அவருடைய தாடையின் இடது பாதி இருந்த இடத்தில் துணி மடித்து வைத்திருந்தார்கள். கழுத்தில் ஸ்பிரிங் சுற்றுகளின் அச்சு வரிவரியாக இருந்தது. நான் எண்ணினேன், ஏழு வரிகள். என் வாயில் பஞ்சு இருந்ததால் சத்தம் போட்டு அழவில்லை.

அதன்பிறகு என் அண்ணன் காவல் நிலையத்தில் கொடுத்த தகவல் என்னவென்றால், அன்று சோதனைக்கு ஆள் இல்லாததால் என் கணவர் தாமாகவே மேடைக்குப் போனார், தனியாக இருந்தார், கூண்டின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இருபத்துநான்கு சென்டிமீட்டர் இழுத்தார், அவரே வளைத்த கொக்கி சரியில்லாததால் முறிந்தது என்பதாகும். மூன்றாம் நாள் தொழிற்சாலை கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். தொழிலாளியின் சொந்த அஜாக்கிரதையால் ஏற்பட்ட மரணம், அனைவரும் கூண்டைத் திறக்காமல் வேலை செய்யவும் என்று அதில் இருந்தது. என் மகள் பள்ளிக்கூடம் போகும் வழி அதுதான். அவள் சாயங்காலம் வந்து புத்தகப் பையைக்கூட இறக்காமல், "அப்பா ஏம்மா கூண்டத் தெறந்தாரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

பதினாறு நாள் கழித்து வெள்ளிக்கிழமை நான் வேலைக்குத் திரும்பினேன். கூண்டு அதன் இடத்தில் இருந்தது. ஆனால் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. சரியாக முடுக்குவோம் என்று போல்ட்டைக் கழற்றிக் காலைத் தூக்கினேன். காலின் தட்டுக்கு அடியில் இரத்தம் காய்ந்து அப்பிக் கிடந்தது. மேடையின் மற்ற இடமெல்லாம் துடைத்து எண்ணெய் போட்டிருந்தார்கள். கூண்டு அங்கே இருந்திருந்தால் தட்டுக்குக் கீழே இரத்தம் போயிருக்க முடியாது. தட்டு முழுக்கப் பரவியிருந்தது, ஓரத்தில் கசிந்தது அல்ல. அதன்பிறகு மற்ற மூன்று கால்களையும் கழற்றிப் பார்த்தேன். தூண் பக்கத்து இரண்டு கால்களின் கீழே இரத்தம் இருந்தது. வலையில் ஒரு நெளிசல்கூட இல்லை. அப்போதுதான் இன்னொன்றையும் யோசித்தேன். என் கணவர் அடிபட்டது தூண் பக்கத்தில். பம்பு இருப்பது எதிர் முனையில், இரண்டு மீட்டர் தள்ளி. ஒரே ஆள் தூண் பக்கம் குனிந்து அளவு பார்த்துக்கொண்டே பம்பும் அடிக்க முடியாது. ஆகவே வேறு யாரோ பம்பு அடித்திருக்கிறார்கள்.

அதன்பிறகு நான் அண்ணனுடைய அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, "பாப்பா, ஒனக்கு மனசு சரியில்ல. பத்து நாள் வீட்ல இரு" என்று சொன்னார். அவர் என்னைச் சின்ன வயதிலிருந்தே பாப்பா என்றுதான் கூப்பிடுவார். மறுநாள் காலை நான் போனபோது கூண்டின் கால்கள் நான்கும் முடுக்கப்பட்டிருந்தன. கழற்றிப் பார்த்தேன். கீழே இரும்பு வெள்ளையாகப் பளபளத்தது. ஆசிட் வாடை அடித்தது. முதல் நாளே போட்டோ எடுத்து ஏன் புகார் கொடுக்கவில்லை என்று ஆய்வாளர் கேட்கிறார். அவர் என் அண்ணன். அவரே வந்து சொல்லட்டும் என்று ஒரு நாள் விட்டேன். அது என் தப்பு.

அதன்பிறகு ஒரு வாரம் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அந்த வாரக் கடைசியில் என் கொழுந்தன் சாப்பிட வந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, கை கழுவி, கழுவிய கையாலேயே சுவரில் குத்தினார். சுண்டு விரல் மூட்டு உள்ளே போய்விட்டது. அதை அவரே இழுத்துச் சரி செய்துகொண்டார். "அண்ணி, நான் என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை, ஆனால் காலையில் அண்ணன் மட்டும் வந்து எந்திரங்களைப் பார்த்துவிட்டுப் போவார், அப்போது போவோம், நீ அவரைப் பிடித்துக்கொண்டால் போதும், கேட்க வேண்டியதை நான் கேட்டுக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஆகவே திட்டம் போட்டது நான். என் கொழுந்தன் இல்லை.

நேற்று நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நாங்கள் இருவரும் போனோம். காவலாளிக்கு என்னைத் தெரியுமாதலால் விட்டுவிட்டார். கொழுந்தன் முதலில் கூண்டின் போல்ட்டுகளைக் கழற்றி, அதைத் தனியாகவே தூக்கிச் சுவர் ஓரமாக வைத்தார். நான் ஒரு நல்ல ஸ்பிரிங்கைப் பொறுக்கி எடுத்து மாட்டினேன். அது என் கணவர் கொக்கி வளைத்த கடைசி அடுக்கில் இருந்தது. அதன்பிறகு அண்ணன் கம்பி சுருட்டும் பிரிவிலிருந்து வந்தார். கூண்டு தள்ளி இருப்பதைப் பார்த்ததும் நின்றார். என்ன இது என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் கொழுந்தன் பின்னாலிருந்து அவர் கழுத்தைக் கையால் சுற்றிப் பிடித்தார். அண்ணன் முழங்கையால் அவர் விலாவில் மூன்று தடவை இடித்தார், குதிகாலால் பாதத்தை மிதித்தார், கையை நீட்டிக் காதைப் பிடித்துத் திருகினார். காதிலிருந்து இரத்தம் வந்தது. கொழுந்தன் பிடியை விடவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போய், மேடைத் தூணுக்கு இரண்டடி பின்னால் இருக்கும் கட்டடத் தூணில் முகத்தை ஒரு தடவை மோதினார். மூக்கு உடைந்தது. அதன்பிறகு அவரைத் திருப்பி நிறுத்தி, சரக்கு கட்டும் பெல்ட்டால் மார்போடும் இடுப்போடும் தூணில் கட்டினார். என் கணவர் நின்ற இடம் அதுதான். ஸ்பிரிங் அவர் மார்புக்கு நேராக இருந்தது.

நான் பம்பைப் பிடித்தேன். நான் கேட்டது ஒரே கேள்வி. அன்றைக்குப் பம்பு அடித்தது யார் என்று கேட்டேன். ஐந்து சென்டிமீட்டர் இழுத்துவிட்டு மறுபடி கேட்டேன். பத்து இழுத்துவிட்டுக் கேட்டேன். பத்தில் அவர் சிரித்தார். பல்லெல்லாம் இரத்தமாக இருந்தது. "நீ இருபதத் தாண்ட மாட்டே பாப்பா. ஒன்ன எனக்குத் தெரியாதா?" என்றார். அவர் சொன்னது உண்மை. இருபதில் நிறுத்துவது என்றுதான் நான் வந்திருந்தேன். பதினைந்தில் கேட்டேன். பதினெட்டில் கேட்டேன். இருபதில் என் கை நின்றுவிட்டது. என் கை நின்றதை என் கொழுந்தன் பார்த்தார். "தள்ளிக்குங்க அண்ணி" என்று சொல்லி என் கையிலிருந்து பம்புத் தடியை வாங்கிக்கொண்டார். அவர் அடித்த முதல் அடியிலேயே ஒரு சென்டிமீட்டர் போனது.

ஸ்பிரிங் முனகுவதுபோல ஒரு சத்தம் வரும். இருபது தாண்டினால்தான் வரும். என் அண்ணனுக்கு அந்தச் சத்தம் தெரியும். அடுத்த அடி விழுந்ததும் அவர் பேச ஆரம்பித்தார். "நிறுத்துடா. நான்தான். பம்பு நான்தான் அடிச்சேன். லோடு ஏத்த லாரி வந்து நின்னுச்சு. கதவத் தெறந்து மூட நேரமாகுதுன்னு கூண்ட எடுக்கச் சொன்னேன். வேணாம் மச்சான்னு அவன் சொன்னான். நான்தான் குனிஞ்சு அளவப் பாருன்னேன். போதுமா?" என்றார். வாங்குகிற கம்பெனிக்காரர்கள் இருபத்துநான்கு வரை இழுத்துக் காட்டச் சொன்னதால் அப்படி இழுத்ததாகவும் சொன்னார். அப்போது அவர் கால் வழியாகச் சிறுநீர் போனது.

என் கொழுந்தன், "எங்கண்ணனுக்கு எத்தனைல போச்சு?" என்று அவரிடம் கேட்டார். இருபத்துநாலு என்றார். அதன்பிறகு கொழுந்தன் என் பக்கம் திரும்பாமலே, "இப்ப எத்தன அண்ணி?" என்று கேட்டார். நான் இருபத்திரண்டு என்று சொன்னேன். பதினான்கு வருடமாக யார் எத்தனை என்று கேட்டாலும் அளவுகோலைப் பார்த்து உடனே சொல்லிவிடுவது என் பழக்கம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவருக்கு அளவுகோல் பார்க்கத் தெரியாது.

அவர் மறுபடி அடித்தார். நான் எண்ணெய்த் திருகைத் திறந்து இழுவையை இறக்கக் கையை நீட்டினேன். அவர் இடது முழங்கையால் என்னைத் தள்ளினார். வேண்டுமென்று அடிக்கவில்லை, தள்ளினார். அவர் தள்ளினாலே அடிதான். என் கீழுதடு கிழிந்து நான் தரையில் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து, போதும் தம்பி, சொல்லிவிட்டார் தம்பி என்று கத்தினேன். அவர் இன்னும் ஒரு தடவை அடித்தார்.

தூண் பக்கக் கொக்கி முறிந்தது. சத்தம் பெரிதாக இல்லை, மரக்கட்டையை வெட்டுவதுபோல் இருந்தது. ஒன்பது கிலோ ஸ்பிரிங் பம்புப் பக்கமாக வந்து, குனிந்திருந்த என் கொழுந்தனின் நெஞ்சுக் குழியில் அடித்து, மேலே எழும்பி மோவாயைப் பிளந்துகொண்டு கூரைத் தகரத்தில் போய் மோதி விழுந்தது. அவர் பின்னால் இரண்டடி நடந்தார். அதன்பிறகு உட்காருவதுபோல் உட்கார்ந்து சாய்ந்தார். நெஞ்சு ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாயில் இரத்தம் நுரையாக வந்தது. என் அண்ணனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

நான் போய்க் கொழுந்தனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். அசைக்க முடியவில்லை. அப்போது அண்ணன், "என்ன அவுத்து விடு பாப்பா, ரெண்டு பேராத் தூக்கலாம்" என்றார். அது சரியென்று பட்டது. போய் பெல்ட்டை அவிழ்த்தேன். அவர் தம் கைக்குட்டையை எடுத்து முதலில் என் உதட்டைத் துடைத்தார், பிறகு தம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் என் கொழுந்தன் பக்கம் போகவில்லை. சுவர் ஓரமாக இருந்த கூண்டிடம் போனார். அதன் ஒரு பக்கத்தைப் பிடித்து மேடையை நோக்கி இழுத்துக்கொண்டு வந்தார்.

அவருக்கு மூச்சு இருக்கிறது அண்ணா, முதலில் தூக்கு என்று சொன்னேன். அண்ணன் இழுப்பதை நிறுத்தாமல் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்கிறேன், அப்படியே எழுதும்படி ஆய்வாளரைக் கேட்டுக்கொண்டேன். "ரெண்டே நிமிஷம். கொக்கிக்காரனுக்கும் அன்னைக்கு மூச்சு இருந்துச்சு. இத வச்சிட்டுத்தான் போன் பண்ணேன். யாரும் ஒண்ணும் கேக்கல. நீயும் நானும் ஒரே மாதிரி சொன்னாப் போதும், ஒன் பேரும் வராது" என்றார். கூண்டின் முன் கால்களைத் தூக்கி மேடையில் வைத்தார். ஒரு கால் என் கொழுந்தனுடைய இரத்தத்தின் மேல் உட்கார்ந்தது.

என் கணவர் உயிரோடு கிடந்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. உடனே போய்விட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அண்ணனும் என் வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வலி தெரிஞ்சிருக்காது பாப்பா என்று சொல்லியிருக்கிறார். என் மகளிடமும் அதையே சொன்னார்.

நான் பம்பிலிருந்து தடியை உருவினேன். மூன்றடி நீள இரும்புக் குழாய். அதன் விளிம்பு என் உள்ளங்கையைக் கிழித்தது, கட்டு அதற்காகத்தான். முதல் அடியைக் கூண்டைப் பிடித்திருந்த அவருடைய வலது மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவர் இடது கையால் கூண்டைப் பிடித்தார். இரண்டாவது அடியை அந்த முழங்கையில் போட்டேன். அவர் கூண்டை விட்டுவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்து, பாப்பா, பாப்பா என்றார். மூன்றாவது அடி தோள்பட்டையில் விழுந்தது. நான்காவது முகத்தில். அவருடைய இடது கண் போய்விட்டது என்று இன்று காலை ஆய்வாளர் சொன்னார். அதன்பிறகு நான் அடிக்கவில்லை. தடியைப் பம்பின் மேல் வைத்தேன்.

அதன்பிறகு அண்ணனின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கும், அதன்பிறகு இந்த நிலையத்துக்கும் நானே பேசினேன். அப்போது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. ஆம்புலன்ஸ் வரப் பதினோரு நிமிடம் ஆனது. அதுவரை கொழுந்தனின் தலையை மடியில் வைத்து, நுரை தொண்டையில் அடைக்காமல் இருக்க முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தேன். அவர் ஒரு தடவை கண் திறந்தார். சொன்னானா என்று அவர் கேட்பதுபோல் இருந்தது. சொல்லிவிட்டார் தம்பி, எல்லாம் சொல்லிவிட்டார் என்றேன். அது அவருக்குக் கேட்டதா என்று என்னால் சொல்ல முடியாது. அவரைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் வண்டியிலேயே இறந்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

என் அண்ணன் ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலத்தை ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். நானும் கொழுந்தனும் அவரைக் கொல்ல வந்தோம் என்றும், என் கணவர் இறந்த அன்று கூண்டு அதன் இடத்தில்தான் இருந்தது என்றும், எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றும் அதில் இருக்கிறது. கொல்ல வந்தோமா என்றால், நான் கொல்ல வரவில்லை. கொழுந்தன் பம்பை வாங்கிய பிறகு அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது, இனிமேல் கேட்கவும் முடியாது. அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனது நான், ஸ்பிரிங்கை மாட்டியது நான், அளவு சொன்னதும் நான். அவர் சாவுக்கு நான் பொறுப்பு. அவர் மேல் எந்தக் குற்றமும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணனை அடித்ததைப் பற்றி எழுதும்போது ஆய்வாளர், "கோவத்துல நிதானம் இழந்துட்டேன்னு ஒரு வரி போட்டுக்கலாமாம்மா? ஒங்களுக்கு நல்லது" என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். நிதானம் இருந்தது. முதல் அடி அவர் கூண்டை விடுவதற்காக. இரண்டாவது அவர் மறுபடி பிடிக்காமல் இருப்பதற்காக. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் காரணம் எதுவும் இல்லை, அவர் அதற்குள் கூண்டை விட்டுவிட்டார், முட்டி போட்டிருந்தார், தப்பி ஓடவும் இல்லை. அதையும் அப்படியே எழுதச் சொன்னேன். நான் செய்ததில் பாதியை மறைத்தால் நான் சொன்னதில் மீதியும் பொய்யாகிவிடும்.

என் மகள் கீழ்த்தளத்தில் இருக்கும் தையற்காரி வீட்டில் இருக்கிறாள். இந்த வாக்குமூலத்தில் அவள் அப்பாவைப் பற்றிய பக்கத்தை மட்டும் அவள் வாசிக்கக் கொடுக்க முடியுமா என்று ஆய்வாளரைக் கேட்டேன். வழக்கு முடியும்வரை முடியாது என்றார். அப்படியானால் கூண்டை அப்பா திறக்கவில்லை என்று வாயால் மட்டும் யாராவது போய்ச் சொல்லிவிடுங்கள் என்றேன். ஒரு பெண் காவலர் போயிருக்கிறார்.

மேலே உள்ளதெல்லாம் நானே சொன்னது. எழுதி முடித்தபின் எனக்கு ஒரு தடவை முழுதாக வாசித்துக் காட்டினார்கள். இரண்டாம் பக்கத்தில் என் கணவர் மரணத்தைக் குறிக்கும் இடத்தில் "விபத்து" என்று எழுதியிருந்ததை அடித்துவிடச் சொன்னேன். அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. மற்றபடி சேர்க்கவோ நீக்கவோ எதுவும் இல்லை. இவை அனைத்தும் உண்மை என்று அறிந்து, வலது கையில் காயம் இருப்பதால் இடது கையால் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
அளவம்மா
இழுவைச் சோதனைப் பிரிவு

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டது.
(ஒப்பம்)
நிலைய ஆய்வாளர்